டெல்ஃபினோ வீட்டுச் சக்காவில்

எங்கள் மலையூர் ஆகுவா சார்க்காவில் உள்ள பாதாளக் குழிக்குள் கயிறு கட்டி இறங்குவதற்கென்றே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். லீவு போட்டு, வீட்டில் சொல்லிக்கொண்டு, மூட்டை மூட்டையாகக் கயிறு சுமந்து வந்து, ஒரு பொத்தலுக்குள் இறங்கிவிட்டு மறுபடி ஏறிப் போவதில் என்ன கிடைக்கிறது என்று எனக்கு இந்த வயது வரை விளங்கவில்லை. எங்கள் அப்பா காலத்தில் செத்த கழுதையைத் தள்ளிவிடத்தான் அந்தக் குழி பயன்பட்டது. ஆனாலும் வருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வழியில் அடிக்கடி படுத்துக்கொண்டாலும், தார்ச்சாலையிலிருந்து மலைமேல் அவர்களை ஏற்றிவருவது என் ஓட்டை வண்டிதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் கறாராக இருக்கும். வெறும் வயிற்றோடு யாரும் குழிக்குப் போகக் கூடாது. ஊரில் ஏதாவது ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாப்பாடு போட்ட வீட்டுக்குச் சாப்பிட்டவன் முகம் ஞாபகம் இருக்கும், ஒன்று ஆகிவிட்டால் தேடிப் போக நாலு பேர் இருப்பார்கள் என்ற எண்ணத்தில் வந்த வழக்கம். அந்த வீடு பல வருஷங்களாக டெல்ஃபினோவின் வீடுதான். அவர் மகள் நோயெலியாவுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் அவரும் நானும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிடுவோம். மற்றவர்களுக்கு அவர் டோன் டெல்ஃபினோ, அதாவது டெல்ஃபினோ ஐயா. சண்டை போட்டாலும் வாங்க போங்க என்றுதான் போடுவோம்.

சாப்பாடு என்றால் சக்காவில் என்கிற எங்கள் பக்கத்து இலைப்பொதி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ரவையாக உடைத்து, பன்றிக் கொழுப்பும் வற்றல் மிளகாய் விழுதும் விட்டுப் பிசைந்து, நடுவில் பன்றிக்கறியும் முழுக் கோழியும் புதைத்து, வாழையிலையில் கன்றுக்குட்டி அளவுக்குப் பொதிய வேண்டும். மண் அடுப்புக்குள் விறகை எரித்துத் தணலாக்கி, பொதியை உள்ளே தள்ளி, வாயை மண் குழைத்து அடைத்துவிட்டால் விடிவதற்குள் வெந்துவிடும். அதைச் சின்னதாகச் செய்ய முடியாது. ஒரு ஆளுக்கென்று சக்காவில் வைத்தவர் யாரும் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதனால் ஓட்டிலியா போனபிறகு டெல்ஃபினோவின் அடுப்பில் கோழிதான் அடைகாத்தது.

ஓட்டிலியா அவர் மனைவி. போன தை மாதத்தில், காப்பிப் பழம் பறித்து முடியாத நேரத்தில், மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது, கூட இருக்க வேண்டும் என்று மகள் இருக்கும் மோன்த்தெர்ரே நகரத்துக்குப் புறப்பட்டாள். பறிப்பை விட்டுவிட்டு, குழிக்கு வரும் ஆட்களையும் விட்டுவிட்டு இப்போது போவானேன் என்று டெல்ஃபினோ சண்டைக்கு நின்றார். அவள் போயே தீருவேன் என்றாள். போறதானா போ என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குள் போய்விட்டார். தார்ச்சாலை வரைக்கும் அவளை ஏற்றிப்போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான்தான். மகளுக்குப் பிரசவம் சித்திரையில்தான் என்பதும், ஓட்டிலியா போனது வயிற்றில் ஆபரேஷனுக்கு என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து கண் திறக்கவே இல்லை. அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

டெல்ஃபினோ போனார், மண் போட்டார், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். வந்தவர் அவளுக்கு ஒன்பது நாள் ஜெபமாலை வைக்கவில்லை. பக்கத்து வீட்டு லியோனிலாதான் தன் கடையில் வைத்தாள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூ வளைவு கட்டி, செத்தவர்களுக்குப் படையல் போட்டபோது இவர் வீட்டு வாசல் மட்டும் மொட்டையாக இருந்தது. கேட்டதற்கு, "அவ இங்க எங்க வரப் போறா, மோன்த்தெர்ரேயிலதான் இருக்கா, அட்ரஸ் மாறிப் போச்சு" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை. ஊர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டது, நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் நடையை மெதுவாக்கி உள்ளே எட்டிப் பார்ப்பேன். பகல் முழுக்க ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். பாட்டைக் கேட்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். அடுக்களையில் நின்றபடியே அவர் பீன்ஸும் ரொட்டியும் தின்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். குழி ஆட்களுக்காக அவரே கதவுப் பலகைகளை இணைத்துச் செய்த நீள மேஜை வெளியே தாழ்வாரத்தில் கிடந்தது. அதன் ஒரு மூலையில்கூட அவர் உட்காருவதில்லை.

மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கியதும் ரெனாத்தா லியோனிலாவின் கடைக்குப் போன் பண்ணினாள். ரெனாத்தா சான் லூயிஸ் பட்டணத்துக்காரி, குழிக்கு ஆட்களைக் கூட்டிவருகிறவள். குரலும் நடையும் போலீஸ்காரி மாதிரி இருக்கும், மனசு அப்படியில்லை. ஓட்டிலியா இல்லாத விஷயம் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு பேர் வருகிறோம், டோன் டெல்ஃபினோவுக்குச் சிரமம் வேண்டாம், கூட்டுரோட்டு ஓட்டலிலேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம், இனிமேல் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னாளாம். லியோனிலா போனைப் பிடித்துக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் கத்தி விஷயத்தைச் சொன்னாள். டெல்ஃபினோ ரேடியோவை அணைத்தார். நான் அப்போது கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

"இங்கதான் சாப்பாடுன்னு சொல்லுங்க. சக்காவில் வைக்கிறேன்" என்றார்.

"யாரு வைப்பா?"

"ஏன், அந்த அடுப்பக் கட்டினது யாரு?"

"அது சரி. தொட்டில் செஞ்சவன் எல்லாம் புள்ள பெத்துருவானா, டோன் டெல்ஃபினோ?"

போனுக்குள் ரெனாத்தா சிரித்தது எனக்கே கேட்டது. சரி, இந்தத் தடவை அங்கேயே சாப்பிடுகிறோம், பிறகு பார்ப்போம் என்று அவள் வைத்துவிட்டாள். அந்தப் 'பிறகு பார்ப்போம்' என்ன என்று எங்கள் மூவருக்கும் தெரியும். சாப்பாடு சரியாக அமையாவிட்டால் அடுத்த தடவை முதல் கூட்டுரோட்டு ஓட்டல்தான். அப்புறம் அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் யாரும் வந்து உட்காரக் காரணமே இருக்காது. டெல்ஃபினோவுக்குச் சமையல் ஒரு பொருட்டில்லை. நாலு பேர் வந்து அவர் மேஜையில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போடுங்க என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்தது.

முந்தின நாள் அவர் பட்டபாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. மில்லில் சோளத்தை உடைத்து வாளியில் தூக்கிவந்தார். வற்றலை ஊறவைத்து அரைத்துக் கையெல்லாம் எரிகிறது என்று தண்ணீர்த் தொட்டியில் விட்டுக்கொண்டு நின்றார். பிசைகிறபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன். கொம்பாத்ரே, நீங்க வண்டியைப் பாருங்க, அதுக்கே ஆள் பத்தாது என்றார். லியோனிலா வாழையிலை வாட்டித் தருகிறேன் என்று வந்தாள். அவளையும் விடவில்லை. நெருப்பில் காட்டியதில் பாதி இலை கருகிக் கிழிந்தது. மறுபடி தோப்புக்குப் போய் வெட்டிவந்தார். ஓட்டிலியா இருந்தபோது சோளம், மசாலா, இலை எல்லாம் அவள் பொறுப்பு. விறகும் அடுப்பும் வாயடைப்பும் இவர் பொறுப்பு. இப்போது இரண்டையும் ஒரு ஆள் செய்தாக வேண்டும்.

சாயங்காலம் பொதியை உள்ளே தள்ளும்போது மட்டும் முடியவில்லை. என்னைப் பார்த்தார், நான் மறுபுறம் பிடித்தேன். கதவுத் தகரத்தை வைத்து, குழைத்த மண்ணால் சுற்றிலும் அடைத்து, உள்ளங்கையால் வழவழவென்று தடவிவிட்டார். அது மட்டும் பார்க்க அழகாக இருந்தது. ராத்திரிக்கு ஏதாவது பார்க்க வேண்டியிருக்குமா என்று லியோனிலா வேலியருகில் இருந்து கேட்டாள். என் அடுப்பு எனக்குத் தெரியாதா, நீங்க போய்ப் படுங்க என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

மறுநாள் இருட்டோடு தார்ச்சாலைக்குப் போய்க் குழி ஆட்களை ஏற்றிவந்தேன். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியிருந்தது, தூறலும் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு வாலிபர்கள் நனைந்த ஹெல்மெட் யாருடையது என்று சண்டை போட்டு வழிநெடுக முறைத்துக்கொண்டே வந்தார்கள். ரெனாத்தா என் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி குழிக்குள் அடைகிற பறவைகள் வெளியே பறந்து போனபின்தான் இறங்க முடியும், அதனால் நிதானமாகச் சாப்பிட நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் பசி.

டெல்ஃபினோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். தலையில் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். மேஜைமேல் பன்னிரண்டு தட்டு, ஊறுகாய் மிளகாயும் கேரட்டும் கிண்ணங்களில், பட்டையும் வெல்லமும் போட்டுக் கொதித்த பானைக் காப்பி. ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, வாங்க, உங்க வீடு இது என்று உட்காரவைத்தார். அவ்வளவு பேச்சை அவர் வாயிலிருந்து நான் கேட்டு வெகுநாளாகிவிட்டது. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அடுப்பு வாயை உடைத்துத் தகரத்தை எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசனை வந்தது, ஆனால் வரவேண்டிய வேகத்தில் வரவில்லை. நானும் இரண்டு வாலிபர்களுமாகப் பொதியை இழுத்துப் பலகையில் வைத்தோம். டெல்ஃபினோ இலையை விரித்தார். வலது பக்கம் சிவந்து, கொழுப்பு மின்ன, நன்றாக வெந்திருந்தது. இடது பக்கம் கரண்டியை விட்டால் மாவு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. கோழியின் தொடையில் ரத்தம் இருந்தது.

வெந்த பக்கத்தை வெட்டிப் போடலாமே, நிறைய இருக்கிறதே என்று ரெனாத்தா மெதுவாகச் சொன்னாள். டெல்ஃபினோ முடியாது என்று தலையை ஆட்டினார். பாதி வெந்ததை விருந்தாளிக்குப் போடுகிற வீடு இது இல்லை என்றார். அவர் கழுத்து சிவந்துவிட்டது.

அதற்குள் லியோனிலா ரொட்டிக்கூடையோடு வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். பொதியை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் ஊரில் சக்காவில் வேகவில்லை என்றால் முதலில் விறகைக் கேட்க மாட்டார்கள். வீட்டில் யாருக்குக் கோபம் என்றுதான் கேட்பார்கள். மனசில் கோபத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் சோளம் வேகாது. கோபக்காரர் யாரென்று தெரிந்து, அவர் வாயால் சொல்லி முடித்தால்தான் மறுபடி வைத்தாலும் வேகும்.

"யாருக்கு யார்மேல கோவம்? இப்பவே சொல்லிருங்க" என்றாள்.

அந்த இரண்டு வாலிபர்களும் நாங்கதான் என்று ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். லியோனிலா அவர்களைக் கட்டிப்பிடிக்கவைத்தாள். ரெனாத்தா தன் முன்னாள் புருஷன்மேல் கோபம் என்று சொன்னாள். அவன் இந்த ஜில்லாவிலேயே இல்லை, அது சேராது என்று லியோனிலா தள்ளிவிட்டாள். என்னைப் பார்த்தாள். வரப்பு ஆரஞ்சு மரத்தை வெட்டிவிட்ட என் மச்சான்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு என்று ஒப்புக்கொண்டேன். உங்களுக்கு எவன்மேலதான் கோவமில்ல, நீங்க இந்த வீட்டு ஆளும் இல்ல என்றாள். மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். டெல்ஃபினோ மட்டும் சிரிக்கவில்லை. கோபமாவது ஒண்ணாவது, விறகு ஈரம் என்று சொல்லிவிட்டு, உடைத்துப் போட்ட மண்கட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கத்து மண்ணில் விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு வெடிப்பு, ஓரமெல்லாம் புகையேறிக் கறுத்திருந்தது. சூடெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

"இத்தன வருஷத்துல ஒருதடவகூட வெடிச்சதில்லையே" என்றார்.

லியோனிலா கூடையைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு தடவையும் வெடிக்கும், டோன் டெல்ஃபினோ. காயக் காய வெடிக்கத்தான் செய்யும். ஓட்டிலியா ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு வந்து ஈரமண்ண வச்சுப் பூசுவா. எனக்குத் தூக்கம் வராத நாள்ல நானும் வேலியோரம் வந்து நிப்பேன், ரெண்டு பேரும் பேசிட்டிருப்போம். நீங்க உள்ள குறட்டை விட்டுட்டிருப்பீங்க. நேத்தும் அதத்தான் சொல்ல வந்தேன், நீங்க கேக்கல."

"எனக்கு ஏன் சொல்லல அவ?"

"நீங்க கட்டின அடுப்பு. குறை சொன்னா மூஞ்சி தொங்கிப் போயிரும்னு சொல்லல. எழுப்பேன்டி மனுஷனன்னு நான்கூடச் சொன்னேன். பாவம் தூங்கட்டும்னுட்டா."

டெல்ஃபினோ அந்த மண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை அவர். இப்போதும் கத்தவில்லை. ஆனால் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"அதையும் சொல்லல. எதத்தான் சொன்னா எங்கிட்ட? வயித்துல கட்டி இருக்குன்னு சொல்லல. கத்தி வைக்கப் போறாங்கன்னு சொல்லல. புள்ளப் பேறு பார்க்கப் போறேன், வெயில் வர்றதுக்குள்ள திரும்பிருவேன்னு சொன்னா. முப்பது வருஷத்துக்கு மேல ஒரே கூரைக்குள்ள இருந்தாச்சு, கடைசியா எங்கிட்டச் சொன்னது பொய்யி. நான் அதுக்குச் சண்ட போட்டேன். பொய்யிக்குச் சண்ட போட்டேன். நெசத்தச் சொல்லியிருந்தா அவளத் தூக்கிட்டே போயிருப்பேன்."

கையிலிருந்த மண்கட்டியை அடுப்புமேல் வைத்தார்.

"கோவம் யாருக்குன்னு கேட்டீங்கள்ல. எனக்குத்தான். அவமேலதான். செத்தவமேல கோவப்பட்டா பாவம்னாலும் சரி, கோவந்தான்."

மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டுக்குச் சண்டை போட்ட வாலிபர்களில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வந்த இடத்தில் யாரும் இதையெல்லாம் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இத்தனை மாதமாகப் பூ வளைவு கட்டாதது, ஜெபமாலை வைக்காதது எல்லாம் துக்கம் என்று நினைத்திருந்த எங்கள் ஊரையும் என்னையும் நினைத்து வெட்கமாக இருந்தது.

லியோனிலாதான் முதலில் அசைந்தாள். "சரி, சொல்லியாச்சுல்ல. இப்ப மண்ணக் குழைங்க. நான் இவங்களுக்கு முட்டை போடுறேன்" என்றாள்.

அப்படித்தான் நடந்தது. லியோனிலா டெல்ஃபினோவின் அடுக்களைக்குள் நுழைந்து முட்டையும் பீன்ஸும் செய்தாள். பச்சைமிளகாயைக் கல்லில் நசுக்கித் துவையல் வைத்தாள். கல்லில் சுடச்சுட ரொட்டி விழுந்துகொண்டே இருந்தது. ரெனாத்தா தானே எழுந்து எல்லோருக்கும் பரிமாறினாள். நானும் வாலிபர்களும் அடுப்புக்குள் புது விறகை அடுக்கி எரித்துத் தணலாக்கினோம். கிழிந்த இலைகளை மாற்றி, பச்சைப் பக்கம் தணலின் உள்மூலைக்குப் போகிற மாதிரி பொதியைத் திருப்பி உள்ளே தள்ளினோம். டெல்ஃபினோ வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மண்ணைக் குழைத்தார். இந்தத் தடவை லியோனிலா கொண்டுவந்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்லவில்லை.

குழி ஆட்கள் சாப்பிட்டுவிட்டுக் கயிறு மூட்டைகளைத் தோளில் ஏற்றினார்கள். டெல்ஃபினோ ஒவ்வொருவராக வழியனுப்பினார், ஆனால் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இவர்கள் இனி வரமாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. ரெனாத்தா கடைசியாக நின்றாள்.

"நாங்க மேல வர்றதுக்குள்ள வெந்துருமா?"

"தெரியாது" என்றார் டெல்ஃபினோ.

"வழில எதுவும் சாப்பிடாம நேரா இங்கதான் வருவோம். பசியோட வருவோம்" என்று சொல்லிவிட்டு அவள் தூறலுக்குள் இறங்கிப் போனாள்.

பகல் முழுக்க அவர் அடுப்பு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மண் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்ட இடத்தில் எல்லாம் விரலை நனைத்து ஈரமண்ணை வைத்துத் தடவினார். வெடிப்பு ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் திறந்தது. அந்த வேலைக்கு ஓய்வே இல்லை என்பதை அப்போதுதான் நானும் பார்த்தேன். ஆட்களைத் திரும்ப ஏற்றிப்போக வேண்டும் என்பதால் எனக்கும் வேறு வேலை இல்லை. மேஜையில் தலைவைத்துக் கொஞ்சம் தூங்கினேன், விழித்தேன், மறுபடி தூங்கினேன். ஒவ்வொரு தடவை கண் விழித்தபோதும் அவர் அதே இடத்தில் இருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொன்னாரா, அவளோடு சண்டை போட்டாரா, கேட்கவில்லை. ரேடியோ பாடவில்லை.

குழி ஆட்கள் மூன்று மணிவாக்கில் திரும்பினார்கள். உடம்பெல்லாம் சேறு, கைகளில் கயிறு உரசிய சிவப்பு, பேசக்கூடத் தெம்பில்லை. அடுப்பை உடைத்தபோது வாசனை வேலியைத் தாண்டி லியோனிலாவின் கடை வரைக்கும் போனது. இலையை விரித்ததும் கறி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்றது. டெல்ஃபினோ இடது பக்கத்தில் கரண்டியை விட்டு எடுத்தார், சுத்தமாக வந்தது. எல்லோருக்கும் போட்டார். இன்னும் கொஞ்சம் போடுங்க என்று ஒருவன் கேட்டான், பிறகு எல்லோருமே கேட்டார்கள். மிளகாய் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கீழே இருட்டில் பார்த்த பாறைகளைப் பற்றியும் மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தைப் பற்றியும் பேசினார்கள். லியோனிலா ஊர்க்காரர்கள் நாலைந்து பேரையும் கூப்பிட்டுவிட்டாள். மேஜையில் இடம் போதாமல் சிலர் நின்றுகொண்டு தின்றார்கள்.

அடுத்த மாதக் கூட்டமும் இங்கேதான் சாப்பிடும், அதற்கடுத்ததும் இங்கேதான் என்று ரெனாத்தா கைகழுவிக்கொண்டே சொன்னாள். டெல்ஃபினோ தலையசைத்தார். முந்தின நாள் என்றால் அந்தச் செய்திக்கு அவர் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அவர் கவனம் வேறெங்கோ இருந்தது.

ஆட்கள் மூட்டைகளை வண்டியில் ஏற்றப் போனார்கள். நான் காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். டெல்ஃபினோ அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார். கையில் மண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"கொம்பாத்ரே. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அவள நீங்கதான கூட்டிட்டுப் போனீங்க."

"நான்தான்."

"வண்டில ஏறினப்புறம் திரும்பிப் பார்த்தாளா?"

அவள் போய் இத்தனை மாதமாகிறது, இதை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. அவர் கேட்காததை நானாக எடுத்துப் போடக் கூடாது என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்டபிறகு மறைக்க முடியவில்லை.

"சிலுவை நட்ட வளைவு இருக்குல்ல, அங்க நிறுத்தச் சொன்னா. அங்கேருந்துதான் உங்க வீட்டுப் பாதை கடைசியாத் தெரியும். கொஞ்சம் இருப்போம்னா. நான் எஞ்சின அணைச்சேன். மூட்டைய மடில வச்சுக்கிட்டு இந்தப் பாதையவே பார்த்துட்டு உக்காந்திருந்தா. ரொம்ப நேரம், கொம்பாத்ரே. பஸ் போயிருமேன்னு நான்தான் தவிச்சேன். அப்புறம், அவர் தோட்டத்துக்குள்ள தூரமாப் போயிருப்பார் போல, சரி போலாம்னா."

டெல்ஃபினோ கையிலிருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்தார். ஒரு விரல், பிறகு அடுத்த விரல்.

"தூரமாப் போகல" என்றார். "வேலியோரத்துக் காப்பிச் செடிக்குள்ளதான் நின்னுட்டிருந்தேன். வளைவுல வண்டி நின்னதப் பார்த்தேன். பார்த்துட்டேதான் இருந்தேன். உங்க வண்டி வழக்கம்போலப் படுத்துருச்சுன்னு நெனச்சேன், கொம்பாத்ரே."

கீழே ரெனாத்தா ஹாரன் அடித்துக் கூப்பிட்டாள். அந்த வண்டியை அப்போதே கொளுத்திவிடலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் பன்னிரண்டு பேரை இருட்டுவதற்குள் தார்ச்சாலையில் இறக்க வேண்டும், அதனால் போய் ஏறினேன். சாவியைத் திருப்பியதும் அது ஒரே தடவையில் கிளம்பியது.